முக்கோணக் கட்டுத்துணி தொய்கிறது, தையல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

முதலுதவிப் பயிற்சிக்குக் காடாத் துணியில் முக்கோணக் கட்டு தைக்கிறோம். நனைத்துக் காயவைத்துச் சுருங்கியபின் 1 மீட்டர் சதுரமாக எடுத்து, மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு கிடைக்கும். இதுவரை சரி.

சிக்கல் நீள விளிம்பில்தான். இழைக்குச் சாய்வாக வெட்டுப்படுவதால் அது இழுபடுகிறது. அடிபட்ட கையைத் தூளியில் போட்டுக் கட்டிய கொஞ்ச நேரத்திலேயே துணி தொய்ந்து, முழங்கையைவிடச் சற்று உயரே நிற்கவேண்டிய மணிக்கட்டு கீழே இறங்கிவிடுகிறது. அப்புறம் விரல்கள் வீங்கும். அதற்காக மணிக்கட்டில் இறுக்கினாலோ ரத்த ஓட்டம் கெடும். நகத்தை அழுத்தி விட்டால் 2 விநாடிக்குள் நிறம் திரும்பவேண்டும், திரும்பாது.

விளிம்பில் பருத்தி நாடா வைத்துத் தைத்தவர்கள் இருக்கிறீர்களா? எத்தனை அகல நாடா? முடிச்சு தடித்து, காறையெலும்புக்கு மேலுள்ள குழியில் உறுத்துமா? பாலியஸ்டர் துணி மட்டும் சொல்லாதீர்கள், முடிச்சு நழுவும்.