ராட்செட் ஸ்பேனர்: இன்னொரு செட் வாங்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

திருச்சி, சொந்த வண்டிகளைத் தானே பார்ப்பவர்

என்னிடம் 8 முதல் 19 மி.மீ. வரை ஒரு ராட்செட் ஸ்பேனர் செட் இருக்கிறது; வளையத்துக்குள் பல்சக்கரம் உண்டு, போல்ட்டிலிருந்து எடுக்காமலே முன்னும் பின்னும் ஆட்டிச் சுற்றுகிற வகை. நேர்த்தண்டு, 72 பல். திசை மாற்றும் லிவர் கிடையாது, எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டுமானால் ஸ்பேனரையே புரட்டி மாட்ட வேண்டும். வீட்டில் ஒரு மாருதி, ஒரு ஸ்ப்ளெண்டர், அப்பா விட்டுச் சென்ற பழைய புல்லட். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இது தாராளம்.

ஆனால் அண்மையில் காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றியபோது மேல் போல்ட் படுத்தியது. கை நுழைந்தது, ஸ்பேனரும் நுழைந்தது. தண்டு மட்டும் கியர்பாக்ஸில் இடித்துக்கொண்டு, வளையம் போல்ட் தலையில் சாய்வாகவே உட்கார்ந்தது. பாதி ஆழம்கூடப் பிடிக்கவில்லை. ஸ்பேனரின் தலை மடங்குகிற வகையாக இருந்தால் அந்த இடத்தில் வேலை முடிந்திருக்கும்.

நான் வழக்கமாகப் போகும் கடையில் அப்படி ஒரு செட் வந்திருக்கிறது. தலை மடங்கும், லிவரும் உண்டு. பணத்தை எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர், "இருக்கிற செட்டில் எதை அதிகம் எடுக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டார். விற்பவர் கேட்கிற கேள்வியா இது? யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்தேன். இரண்டாவது செட் வாங்கியவர்களும் வேண்டாம் என்று விட்டவர்களும் தங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். விளம்பரத்தில் உள்ளதை நானே படித்துவிட்டேன்.

கோவை, இருசக்கர வாகனப் பட்டறை

அந்தக் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள் சார்.

என் செட்டைப் பார்த்தாலே பதில் தெரியும். 10, 12 இரண்டிலும் குரோம் பூச்சு தேய்ந்து எண்ணே மங்கிவிட்டது. 14 கொஞ்சம். 8, 17 அவ்வப்போது. 9, 11, 16, 18 எல்லாம் வாங்கிய அன்றைய பளபளப்புடன் தூங்குகின்றன. காரணம் எளிது. ஜப்பான் வழக்கத்தில் 6 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 10, 8 மி.மீ. போல்ட்டுக்கு 12, 10 மி.மீ. போல்ட்டுக்கு 14. நம் ஊரில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. ஜெர்மன் வழக்கத்தில் அதே 8 மி.மீ. போல்ட்டுக்குத் தலை 13, 10 மி.மீ. போல்ட்டுக்கு 16 அல்லது 17. ஐரோப்பியக் கார் வைத்திருப்பவருக்கு 13 இல்லாமல் பொழுது விடியாது. எனக்கு அதன் ஞாபகமே வருவதில்லை.

ஆகவே நான் இரண்டாவது செட் வாங்கவில்லை. 10, 12 மட்டும் தலை மடங்குகிற வகையில் தனியாக வாங்கினேன். ஒரே அளவில் இரண்டு இருப்பது ஆடம்பரம் அல்ல. போல்ட் ஒரு பக்கம், நட் மறுபக்கம் என்று ஊடுருவிப் போகிற இடத்தில் ஒன்று பிடிக்க, ஒன்று சுற்ற வேண்டும். அப்போதும் பிடிப்பதற்குச் சாதாரண ரிங் ஸ்பேனரே போதும்; அங்கே ராட்செட்டை மாட்டிவைப்பது வீண்.

நாமக்கல், லாரி பட்டறை

லிவர் வேண்டுமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் இதைப் படியுங்கள்.

ஒரு டிப்பர் வந்தது, ஆல்டர்னேட்டர் மாற்ற வேண்டும். அதன் அடிப்போல்ட் நீளமானது, தலை சேசிஸ் பக்கம் பார்த்திருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன், கை சுத்தமானவன், சாதா ரிங் ஸ்பேனரால் போல்ட்டை இளக்கிவிட்டு லிவர் இல்லாத 17 ராட்செட் ஸ்பேனரை மாட்டினான். கிர்ர் கிர்ரென்று சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். போல்ட் வெளியே வர வர, அதன் தலையோடு ஸ்பேனர் வளையமும் சேர்ந்து நகர்ந்து சேசிஸில் போய் முட்டியது. போல்ட் இன்னும் மரையைவிட்டு வரவில்லை. வளையத்தை உருவலாம் என்றால் முன்னால் இடம் இல்லை. போல்ட்டைத் திரும்ப உள்ளே இறுக்கினால் இடம் கிடைக்கும். இறுக்க ஸ்பேனரைப் புரட்ட வேண்டும். புரட்ட அதை முதலில் உருவ வேண்டும்!

பையன் என்னைப் பார்த்தான். தலைக்குப் பின்னால் வெளியே தெரிந்த போல்ட் தண்டைக் குறடால் கவ்வித் திருப்பிப் பார்த்தோம். எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கியது. கிரைண்டர் வைத்து ஸ்பேனரை அறுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். பக்கத்திலேயே டீசல் குழாய் ஓடுகிறது, தீப்பொறி பறந்தால் என்ன ஆகும்? கடைசியில் அந்தப் பக்கத்து எஞ்சின் மவுண்ட்டை இளக்கி, ஆயில் சம்ப்புக்கு அடியில் பலகை வைத்து, ஜாக்கியால் எஞ்சினை ஒரு விரல் அளவு தூக்கினோம். தலை சேசிஸைவிட்டு விலகியது, ஸ்பேனர் கழன்றது. ஒரு போல்ட்டுக்காக எஞ்சினைத் தூக்கியதைப் பார்த்த டிரைவர் இன்றும் வந்தால் அதைத்தான் முதலில் விசாரிப்பார்.

லிவர் இருந்திருந்தால் விரலால் தட்டிவிட்டு, போல்ட்டைக் கொஞ்சம் உள்ளே அனுப்பி, ஸ்பேனரை எடுத்துவிட்டு, மிச்சத்தை வாய் திறந்த பக்கத்தால் சுற்றி முடித்திருக்கலாம். எனவே இடுக்கு வேலைக்கு வாங்குவதானால் லிவர் உள்ளதையே வாங்குங்கள். லிவர் வகையில் ஒரு தொல்லையும் உண்டு. தலை சற்றுத் தடிமனாக இருக்கும். பிசுக்கான இடத்தில் விரல் பட்டு லிவர் தானே மாறிக்கொள்ளும், கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம். எந்த ஸ்பேனராக இருந்தாலும், போல்ட் எவ்வளவு நீளம், அதன் தலைக்கு முன்னால் எவ்வளவு இடம் என்று விரலை விட்டுப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும்.

சிங்கப்பூர், தொழிற்சாலைப் பராமரிப்பு

நாமக்கல் அண்ணன் சொன்னதில் ஒரு வரியைப் பலரும் தாண்டிப் போயிருப்பீர்கள்: பையன் முதலில் சாதா ஸ்பேனரால் இளக்கினான். ஸ்பேனர் மாட்டிக்கொண்டது வேறு கதை. இந்த விஷயத்தில் பையன் செய்தது சரி.

கணக்குப் பாருங்கள். பன்னிரண்டு முனை உள்ள சாதா ரிங் ஸ்பேனரை எடுத்து மறுபடி மாட்ட 30 பாகை வீச்சு வேண்டும். 72 பல் ராட்செட்டுக்கு 5 பாகை போதும். 90 பல்லுக்கு 4. 120 என்றால் 3. வீச்சு குறையக் குறைய இடுக்கில் வேலை ஓடும். ஆனால் அதே சிறிய வளையத்துக்குள் பற்களின் எண்ணிக்கை கூடினால் ஒவ்வொரு பல்லும் சிறுத்துப்போகும், அதைக் கடித்துப் பிடிக்கும் நாக்கின் பல்லும் சிறுத்துப்போகும். அதனால்தான் 120 என்று சொல்லும் சில தயாரிப்புகளில் உண்மையில் 60 பல்தான் இருக்கும். இரண்டு நாக்குகளை வைத்து மாறி மாறிப் பிடிக்கச் செய்திருப்பார்கள். அது நல்ல யோசனை. வெறுமனே பல்லை நுணுக்கிவிட்டு எண்ணை மட்டும் பெரிதாக அச்சிடுவது வேறு.

8.8 என்று வலிமைத் தரம் குறித்த சாதாரண 6 மி.மீ. போல்ட்டை இறுக்க ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும், 15 செ.மீ. தண்டின் நுனியில் 7 கிலோ எடையை வைப்பதற்குச் சமம். எந்த ராட்செட்டும் தாங்கும். குழாய் இணைப்பில் (ஃபிளாஞ்ச்) துருப்பிடித்துக் கிடக்கும் நட் அப்படியல்ல. இங்கே ஒருவர் ராட்செட் ஸ்பேனரின் தண்டில் பைப் மாட்டி இழுத்தார். நட் அசையவில்லை, உள்ளே பல் தாவியது. கை முட்டி நேராகக் குழாய் விளிம்பில் போய் அடித்தது, தையல் போட்டார்கள். ஆகவே இரண்டாவது செட்டுக்குப் பணம் இருக்கிறதென்றால், முதலில் நல்ல நீளமான சாதா ரிங் ஸ்பேனர் செட் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இளக்குவது அதன் வேலை, இளகியதைச் சுற்றி எடுப்பது ராட்செட்டின் வேலை. தலை மடங்கும் வகையில் அந்த மூட்டும் சேர்ந்து பலவீனம். பலமாக இழுத்தால் கை எந்தப் பக்கம் போகும் என்றே சொல்ல முடியாது.

சென்னை, பழைய புல்லட் வைத்திருப்பவர்

திருச்சி நண்பர் புல்லட்டைப் பற்றிச் சொன்னதை யாருமே கண்டுகொள்ளவில்லையே.

மெட்ரிக் ராட்செட் செட் இரண்டு அல்ல, நான்கு இருந்தாலும் பழைய புல்லட்டில் பாதி இடங்களுக்கு உதவாது. 1955இல் சென்னையில் புல்லட் தயாரிக்க ஆரம்பித்தபோது வண்டியோடு இங்கிலாந்தின் அளவுகளும் வந்துவிட்டன. விட்வொர்த், பி.எஸ்.எஃப்., சைக்கிள் மரை என்று பழைய பிரிட்டிஷ் மரை வகைகள் எல்லாம் கலந்து கிடக்கும். பிற்காலத்தில் மாற்றிப் போட்ட மெட்ரிக் போல்ட்டுகள் வேறு. விட்வொர்த் ஸ்பேனரில் கால் அங்குலம் என்று அச்சிட்டிருந்தால் அது போல்ட் தண்டின் கனம். தலையின் அகலம் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. அங்கே 13 ஏறாது. 14 ஏறும், ஏறி, முனைகளை மழுக்கிவிட்டு இறங்கும். பல புல்லட்டுகளில் மூடிகளின் நட்டுகள் உருண்டு கிடப்பது இப்படித்தான். 5/16 என்றால் 15.2 மி.மீ.; அதற்கும் பொருத்தம் கிடையாது.

விட்வொர்த் அளவில் ராட்செட் ஸ்பேனரை நான் போன கடைகளில் பார்த்ததில்லை. ஒன்று மட்டும் ஒத்துப்போகும்: 3/8 விட்வொர்த் தலை 18.03 மி.மீ. கோவை நண்பரிடம் தூங்குகிற 18 எனக்குத் தினமும் வேண்டும்.

மதுரை, தொழிற்பயிற்சி ஆசிரியை

வாங்குவது இருக்கட்டும், இருப்பதை எப்படிக் கழுவுகிறீர்கள்? சாயங்காலம் எல்லா ஸ்பேனரையும் டீசல் தட்டில் போட்டு, துணியால் துடைத்து, பெட்டியில் எறிவது நம் பட்டறை வழக்கம். சாதா ஸ்பேனருக்கு அது ஒன்றும் செய்யாது. ராட்செட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் கரைந்து போய், அந்த இடத்தில் டீசலோடு வந்த மணல் உட்காரும். பிறகு நாக்கு மெதுவாகத் திரும்பும், பல்லில் முழுதாக விழாது, தாவும். "பழசாகிவிட்டது டீச்சர், புதிது வாங்கலாம்" என்று மாணவர்கள் கொண்டுவருவதில் பலவற்றை மண்ணெண்ணெயில் நன்றாக அலசி, உலர்த்தி, இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் மறுபடி கிர்ரென்கின்றன. திருச்சிக்காரர் தன் 72 பல் செட்டை ஒருமுறை அப்படிச் செய்து பார்க்கலாம்.

காரைக்குடி, டிராக்டர் வேலை

ஒன்று சொல்லிக்கொள்கிறேன். விலை மலிவு என்று சந்தையில் ஒரு செட் எடுத்தேன். பல் எத்தனை என்று நாங்கள் எண்ணிப் பார்க்கவே தேவைப்படவில்லை, 14 முதல் வேலையிலேயே உடைந்து எல்லாப் பல்லும் கையில் கொட்டியது. வாழ்நாள் உத்தரவாதம் என்று அட்டையில் இருந்தது. அனுப்பும் செலவு புது ஸ்பேனர் விலைக்கு வந்தது. உத்தரவாதத்தைக் கடைக்காரர் தன் மேஜையிலேயே மாற்றித் தருவாரா என்று கேளுங்கள், அட்டையைப் படிக்காதீர்கள்.

திருச்சி, சொந்த வண்டிகளைத் தானே பார்ப்பவர்

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்னபடி மண்ணெண்ணெயில் அலசினேன். 12இலிருந்து வந்த அழுக்கைப் பார்த்து நானே முகம் சுளித்தேன். இப்போது சத்தம் கூர்மையாகக் கேட்கிறது.

சாதா ரிங் ஸ்பேனர் என்னிடம் குட்டையானதுதான் இருக்கிறது. எனவே முதல் செலவு நீளமான டபாரியா கம்பெனி ரிங் ஸ்பேனர் செட். அடுத்தது தலை மடங்குகிற, லிவர் வைத்த 10, 12, 14 மட்டும் என்று தீர்மானித்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரிக்கிறார். தனித்தனியாகவும் தருவாராம். 9 இருக்கிறது, 11 இருக்கிறது, 16, 18 எல்லாம் இருக்கின்றன. 10, 12, 14 மட்டும் இல்லை! வந்த அன்றே போய்விடுமாம். வேண்டுமானால் செட்டாக எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். உத்தரவாதத்தைக் கேட்டேன், உடைந்தால் கொண்டு வாருங்கள், இங்கேயே மாற்றித் தருகிறேன் என்றார்.

கோவை, இருசக்கர வாகனப் பட்டறை

அப்படியானால் செட்டை எடுத்து நமக்குள் பிரித்துக்கொள்வோம். 8 எனக்கு. லிவர் வைத்ததில் என்னிடம் அது இல்லை. பங்கு விலையை அனுப்பிவிடுகிறேன்.

நாமக்கல், லாரி பட்டறை

17, 19 இங்கே அனுப்புங்கள் தம்பி. லிவர் உள்ளதுதானே?

சென்னை, பழைய புல்லட் வைத்திருப்பவர்

18ஐ யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் புல்லட்டுக்கே அது வேண்டும்தான். ஆனால் உங்களிடம் பழைய செட்டில் ஒன்று இருக்கிறது என்பதால் மட்டும் இதை எனக்குக் கேட்கிறேன்.

திருச்சி, சொந்த வண்டிகளைத் தானே பார்ப்பவர்

சரி, எடுத்துவிடுகிறேன். 15ஐ மகனின் கியர் சைக்கிள் சக்கர நட்டுக்கு வைத்துக்கொள்கிறேன். 11 பிரேக் குழாய் நட்டுக்கு ஆகுமா?

சிங்கப்பூர், தொழிற்சாலைப் பராமரிப்பு

ஆகாது அண்ணா. வளையம் மூடியிருக்கிறது, குழாய் குறுக்கே நிற்கும். நட்டுக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள்? அதற்கு வளையத்தில் வெட்டு விட்ட ஸ்பேனர் தனியாக இருக்கிறது.

திருச்சி, சொந்த வண்டிகளைத் தானே பார்ப்பவர்

அப்படியானால் 9, 11, 13, 16 மிச்சம். ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் 13ஐயும் 16ஐயும் கேளுங்கள். கேட்பவருக்கு 9, 11 இலவசம்.