புதுப்பிப்பு: பீட்டில்ஸ் ‘கெட் பேக்’ செட், மூன்றாவது டிஸ்க் வந்துவிட்டது

போன வாரம் சொல்லியிருந்தேனே, பழையதாக வாங்கிய ‘கெட் பேக்’ (பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பீட்டில்ஸ் பற்றிய ஆவணப்படம்) புத்தகம், புளூ-ரே செட்டில் மூன்றாவது டிஸ்க்கில் மட்டும் நீளமாக ஒரு கீறல், படம் அப்படியே நின்றுவிடுகிறது என்று. விற்றவர் வேறு டிஸ்க் அனுப்பிவிட்டார். நேற்று இரவே போட்டுப் பார்த்தேன், எங்கும் நிற்கவில்லை.

எனக்கு அந்த டிஸ்க்தான் உயிர். 1969 ஜனவரி 30 அன்று லண்டன் சாவில் ரோ மொட்டைமாடியில் நடந்த பீட்டில்ஸ் கச்சேரி முழுவதும் அதில்தான் இருக்கிறது. மனைவியின் சிவப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு குழுவின் டிரம்மர் ரிங்கோ டிரம்ஸ் வாசிக்கிறார். கிதாரில் கோர்டு பிடிக்க முடியாத அளவுக்குக் கை விறைக்கிறது என்கிறார் பாடகர் லெனன். அந்தக் குளிர் நமக்கே உறைக்கிறது.

அப்புறம், 2021இல் வந்த புத்தகம். 240 பக்கம், ஒன்றுகூடக் கழன்று வரவில்லை. ஒத்திகையில் அவர்கள் பேசியதை எழுத்தில் படித்துவிட்டு அதே இடத்தைப் படத்தில் பாருங்கள், அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது.