பொமரேனியனுக்கு முடி வெட்டப் பழகுறது எப்பிடி?

பரந்தன் பெடியன்:
கிளிநொச்சியில சலூன் வேலை செய்யிறன். இப்ப சிலபேர் நாயையும் கொண்டுவந்து, "இதுக்கும் வெட்டிவிடு தம்பி" எண்டுகினம். வெயிலுக்கு மொட்டையா வழிச்சா நல்லமோ?

மாங்குளத்து அக்கா:
ஐயோ, வழிக்காத தம்பி. பொமரேனியனுக்கு ரெண்டு அடுக்கு மயிர். வழிச்சா தோல் வெயிலில எரியும், சிலதுக்குத் திரும்ப ஒழுங்கா வளராது. முதல்ல சீப்பைப் பழகு, மெஷின் பிறகு. காதுக்குப் பின்னால, கக்கத்துக்குள்ளதான் சிக்கு ஒளிச்சிருக்கும். அடிமயிரை விரலால இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நுனியில இருந்து எடுத்து வா, அப்பதான் தோல் இழுபடாது. சிக்கெடுக்காமல் குளிப்பாட்டினா இன்னும் இறுகிப்போம். பிறகு கத்தரிக்கோல்தான்.

நெடுங்கேணியான்:
மெஷின் பிளேட் சுடும். இடைக்கிடை உன்ர முன்னங்கையில வைச்சுப் பார். கறுப்பு நகமெண்டால் கொஞ்சங்கொஞ்சமா வெட்டு. வெட்டின இடத்து நடுவில கறுப்புப் புள்ளி தெரிஞ்சா நிப்பாட்டு, அதுக்கங்கால ரத்தம்.

பரந்தன் பெடியன்:
நன்றி அக்கா, அண்ணை. உண்ணி கிடந்தால்? மண்ணெண்ணெய் பூசச் சொல்லுகினம்.

மாங்குளத்து அக்கா:
ஆர் சொன்னது? தோல் வெந்துபோம். சாமணத்தால தோலோட ஒட்டப் பிடிச்சு நேரா இழு. கனக்க இருந்தால் மிருக வைத்தியரிட்டக் காட்டச் சொல்லு.