எழவு வீட்டில் அலறிய போன்: சென்சார் போட்டவர்கள் சொல்லுங்கள்

கொலுசுப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

போன ஆடியில் நடந்தது. அம்மாப்பேட்டையில் எனக்குப் பெரியப்பா முறை ஆகும் ஒருவர் தவறிவிட்டார். போனை சைலண்டில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். சந்தேகத்துக்கு வாசலில் நின்று இன்னொரு தரமும் பார்த்தேன். பாடையில் எடுத்து வைக்கிற நேரம், கூடியிருந்தவர்கள் மூச்சுக் காட்டாமல் நிற்கிறார்கள். என் சட்டைப்பையில் இருந்து ஆம்புலன்ஸ் கணக்காக ஒரு சத்தம். சங்கு ஊதுகிறவர்கூட வாயில் இருந்து சங்கை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பதறி எடுத்துப் பார்த்தால், சுகர் 186. கிளம்பும்போது குடித்த டீயும் ஒரு பன்னும் செய்த வேலை.

நான் பதினோரு வருடமாகச் சுகர்காரன், நாலு வருடமாக இன்சுலின். விரலைக் குத்திக் குத்தி அலுத்துப்போய், டாக்டர் சொன்னதால் கையில் ஒட்டிக்கொண்டு சுகரை அளக்கும் சென்சார் போட ஆரம்பித்தேன். ஒரு சென்சார் 14 நாள் வரும். புளூடூத் வழியாக போனுக்கு அளவு வந்துகொண்டே இருக்கும். நிறுவிய அன்றைக்குச் செயலி என்னென்னவோ அனுமதி கேட்டது, பட்டறையில் வேலை ஓடிக்கொண்டிருந்ததால் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அமுக்கிவிட்டேன். அதில் ஒன்று, போன் சைலண்டில் இருந்தாலும் தொந்தரவு செய்யாதே என்று வைத்திருந்தாலும் அதை மீறிச் சத்தம் போடலாம் என்கிற அனுமதி. சுகர் கூடினால் கத்த வேண்டிய அளவை 180 என்று வைத்ததும் நானேதான்.

180-ல் வைத்தால் நம்ம ஊர் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கத்தும். ரெண்டு தட்டு வடை செட்டுக்கே கத்தும். மாம்பழ சீசனைச் சொல்லவே வேண்டாம். பட்டறையில் ஒரு நாள் பையன்கள் பற்ற வைத்துக்கொண்டிருந்தபோது கத்தியது, கேஸ் கசிகிறது என்று நினைத்து ஒருத்தன் ஓடிப்போய் சிலிண்டர் வால்வை மூடிவிட்டான். அதற்கு அப்புறம் அந்தச் சத்தம் வந்தாலே பையன்கள் "அண்ணனுக்கு மணி அடிச்சிருச்சு" என்று சிரிக்க ஆரம்பித்தார்கள்.

எழவு வீட்டில் பட்ட அவமானம் தாங்காமல் அன்று ராத்திரியே போன் அமைப்புக்குள் போய் அந்தச் செயலியின் நோட்டிஃபிகேஷன் மொத்தத்தையும் அணைத்தேன். மூன்று வாரம் நிம்மதி.

அப்புறம் ஏற்காட்டில் ஒரு சொந்தக்காரர் காபித் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போனோம். பகலில் சேர்வராயன் கோயில் வரைக்கும் நடை, திரும்பி வந்து தோட்டத்தில் ஏறி இறங்கினது வேறு. அவ்வளவு நடந்தால் அன்று ராத்திரி வரைக்கும் சுகர் இறங்கிக்கொண்டே இருக்கும் என்று இப்போது தெரியும், அன்று தெரியாது. அலுப்பில் ரெண்டு இட்லியோடு முடித்துக்கொண்டு, ஊசியை மட்டும் வழக்கமான அளவுக்குப் போட்டுப் படுத்துவிட்டேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு என் சம்சாரம் எழுந்து பார்த்திருக்கிறார். அந்தக் குளிரில் நான் சட்டை நனைய வேர்த்துக் கிடக்கிறேன். வேர்வையைப் பார்த்துத்தான் அவருக்குப் பொறி தட்டியிருக்கிறது. எழுப்பினால் ஏதோ உளறினேனாம். விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்திருக்கிறார். விரலில் குத்திப் பார்த்ததில் 48.

காலையில் செயலியில் சுகர் ஏறி இறங்கின கோட்டுப் படத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் எழுப்புவதற்கு நாற்பது நிமிடம் முன்பே 70-க்குக் கீழே போயிருக்கிறது. போன் தலைமாட்டில்தான் கிடந்தது. அதன் வாயைக் கட்டிப்போட்டவன் நான்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போனபோது அங்கிருந்த நர்ஸம்மாவிடம் போனையே கொடுத்துவிட்டேன். அந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி: "இந்தச் சத்தம் வந்தா நீங்க என்னங்க செய்வீங்க?" 186 வந்தால் நான் செய்யப்போவது ஒன்றுமில்லை. 70-க்குக் கீழே என்றால் உடனே 15 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில்தான் மாற்றினோம். 70-க்கு முழுச் சத்தம், எதையும் மீறலாம். கூடினதற்கு டாக்டரைக் கேட்டு 250 என்று ஏற்றி, வெறும் அதிர்வு மட்டும். இது எனக்குச் சொன்ன அளவு, உங்களுக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிக்னல் போய்விட்டது என்று வருகிற அலாரத்தை மட்டும் அணைத்துவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றார். சென்சாரில் இருந்து அளவே வரவில்லை என்றால் சுகர் இறங்கினாலும் போன் சும்மாதான் கிடக்கும். சரி, அது ஏன் அடிக்கடி போகிறது என்று பார்த்தால், போனை முன்னறை மேசையில் வைத்துவிட்டு நான் உள்ளே பட்டறையில் இருக்கிறேன். என் சென்சாருக்கு ஆறு மீட்டர் வரைதான் எட்டும், நடுவில் சுவர் வேறு. இப்போது போன் இடுப்பிலேயே. பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று போன் பின்னணியில் செயலியைத் தூங்க வைப்பதும் ஒரு காரணம். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி மூன்று மணிக்கு ரெண்டு முறை 52 என்று அலறியது, விரலில் குத்தினால் 110. சென்சார் இருக்கும் கை மேலேயே படுத்து அமுக்கினால் இப்படிப் பொய்யாக இறங்கிக் காட்டுமாம். நான் இடப்பக்கம் படுப்பவன், சென்சாரை வலது கைக்கு மாற்றினதும் நின்றுவிட்டது.

ஒண்டிக்கடைப் பக்கம், ஏற்காடு

அம்மாவுக்கு 76 வயது. சென்சார் வாங்கிக் கொடுத்தது பெங்களூரில் இருக்கும் தம்பி. அம்மாவின் அளவு அவன் போனிலும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டான். கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் 200-ஐத் தாண்டினால் போதும், அவன் போனில் மணி அடிக்கும், அடுத்த நிமிடம் அம்மாவுக்கு அழைப்பு வரும். "என்னம்மா சாப்டீங்க?" ரெண்டு பலாச்சுளைக்கு ஒரு விசாரணைக் கமிஷன். "பெங்களூர்ல இருந்துகிட்டு என் இலையை எட்டிப் பாக்கறான்" என்று அம்மா என்னிடம் அழுதார். கொஞ்ச நாளில் சாப்பிடும்போது போனைப் பூஜை அறையில் வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார ஆரம்பித்தார். மேலே அண்ணன் சொன்ன அந்த சிக்னல் அலாரம் எங்கள் வீட்டில் வந்தது இப்படித்தான்!

மலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சென்சாருக்கும் பக்கத்தில் இருக்கும் போனுக்கும் நடுவில் டவர் வேண்டாம், அம்மாவின் போன் எப்போதும்போல் கத்தும். தூரத்தில் இருப்பவருக்குத் தெரியத்தான் நெட் வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் இங்கே நெட் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? அம்மாவிடம் இருந்து அலாரம் வரவில்லை, அதனால் நன்றாக இருக்கிறார் என்று தம்பி நினைத்துக்கொண்டிருந்த ஒரு நாள், இங்கே காலையில் இருந்து நெட்டே இல்லை. இப்போது அவன் போனில் சுகர் இறங்கினால் மட்டும் மணி, அப்புறம் அளவே வரவில்லை என்றாலும் மணி அடிக்கும். கூடுவதைப் பற்றி வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்வது என்று ஒப்பந்தம். பலா பற்றிப் பேச்சே கிடையாது.

தைராய்டு, அஸ்தம்பட்டி

எனக்கு சென்சார் இல்லை, மாத்திரை நேரம் சொல்லும் ஆப்தான். அதே ஆப்பில் மருந்தும் வாங்கலாம் என்று போட்டேன், வினையே அதுதான். காலை ஆறு மணிக்கு மாத்திரை, ஏழு மணிக்கு முழு உடல் பரிசோதனை தள்ளுபடி, எட்டு மணிக்கு 'உங்கள் இதயத்தைக் கவனிக்கிறீர்களா' என்று பயமுறுத்தல். எல்லாவற்றுக்கும் ஒரே டிங். பார்க்காமலே தள்ளிவிடப் பழகின கை, ஒரு வாரத்தில் மூன்று நாள் மாத்திரை மணியையும் சேர்த்துத் தள்ளிவிட்டது.

ஆண்ட்ராய்டில் 2017-ல் வந்த எட்டாம் பதிப்பில் இருந்து ஒரு செயலியின் அறிவிப்புகளை வகை வகையாகப் பிரிக்க வழி இருக்கிறது. வந்த அறிவிப்பின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அந்த வகையை மட்டும் அணைக்கலாம். ஆனால் சில புத்திசாலிகள் மாத்திரையையும் தள்ளுபடியையும் ஒரே வகையில் போட்டு அனுப்புகிறார்கள், என்னுடையது அந்த ரகம். ஆப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, போனில் இருக்கும் சாதா கடிகார அலாரத்தில் ஆறு மணிக்கு வைத்துக்கொண்டேன். அதற்கு மட்டும் என் பேத்தி "பாட்டி, மாத்திரை" என்று பேசிப் பதிந்த குரல். அதைத் தள்ளிவிட மனசு வராது.

ஓய்வு பெற்றவர், ஸ்டீல் பிளாண்ட் பக்கம்

நான் சென்சாரைக் கழற்றியே விட்டேன். மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரை மட்டும்தான் எனக்கு. அது மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு லோ சுகர் வருவது அபூர்வம், ராத்திரி பகலாக அலாரம் தேவையில்லை என்று என் டாக்டரே சொல்லிவிட்டார். இன்சுலின் போடுகிற தம்பிமார் என்னைப் பார்த்துக் கழற்ற வேண்டாம்.

கொலுசுப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

தனியாக ஒருவர் ஐபோனில் எப்படி என்று கேட்டிருந்தார். என் மகளுடைய போனில் பார்த்தேன். சைலண்டை மீறும் அறிவிப்புக்கு அதில் தனியாக ஒரு அனுமதி கேட்கும், 2018-ல் வந்த ஐஓஎஸ் 12-ல் இருந்து அந்த ஏற்பாடு இருக்கிறது. அவசரத்தில் வேண்டாம் என்று அமுக்கியிருந்தால், அமைப்பில் அந்தச் செயலியின் அறிவிப்புப் பக்கத்துக்குள் போய்த் திரும்பக் கொடுக்கலாம்.

போன வாரம் பொன்னம்மாப்பேட்டையில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தேன். அதே சங்கு ஊதுகிறவர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, இன்னிக்கு போன் கொண்டுட்டு வரலைங்களா?"

இடுப்பைத் தட்டிக் காட்டினேன். ரெண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.