பழுதறி கருவியா, பழுதுக்குறி படிப்பானா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் இன்ஜின் கோளாறுகளின் எண்களைக் காட்டும் சிறு கருவிக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: வாகன வருடி, பழுதறி கருவி, பழுதுகாட்டி. சொல்லழகில் மூன்றுமே குறைந்தவை அல்ல. ஆனால் இதை வீட்டுக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கள் தருமபுரிப் பக்கமும் வந்துவிட்டது. பெயர் தவறான நம்பிக்கையைத் தந்தால் வாங்கியவரின் பணம் வீணாகும். ஆகவே மூன்றையும் மறுத்து எழுதுகிறேன், பொறுத்தருள்க.

'வருடி'யை முதலில் ஒதுக்கிவிடலாம். தாளின் மேல் ஒளியை ஓட்டிப் படமெடுக்கும் பொறிக்கு அது நல்ல சொல். இங்கே எதுவும் எதையும் வருடவில்லை. காரின் கணினியிடம் ஒரு கேள்வி போகிறது, ஒரு விடை வருகிறது. 'ஸ்கேன் போட்டுப் பார்த்துவிடலாம்' என்று பட்டறையில் சொன்னால், மருத்துவமனை ஸ்கேன் போல இன்ஜினின் உட்புறம் திரையில் தெரியும் என்றே பலரும் நம்புகிறார்கள். 'வருடி' அந்த நம்பிக்கையைத்தான் வளர்க்கும்.

'பழுதுகாட்டி' அருமையான சொல், ஆனால் அதற்கு உரிய பொருள் வேறு. திசைகாட்டி திசையைக் காட்டுவது போலப் பழுது உண்டு என்று நமக்குக் காட்டுவது டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு. பட்டறைகளில் 'செக் லைட்' என்கிறார்கள். அதற்குப் 'பழுதுகாட்டி விளக்கு' என்று பெயர் சூட்டிவிடுவோம், கருவிக்கு வேண்டாம்.

மீதம் இருப்பது பழுதறி கருவி. சேலத்து அம்மையார் இதை முன்மொழிந்தபோது நோயறிதல் என்ற வழக்கைச் சான்றாகக் காட்டினார். என் கேள்வி ஒன்றுதான்: பழுதை அறிவது யார்?

சோதனை செய்வது காருக்குள் இருக்கும் கணினி. ஆக்சிஜன் சென்சார், குளிர்நீரின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சார், காற்றின் அளவைப் பார்க்கும் சென்சார் எனப் பலவற்றிடமிருந்தும் அது ஓயாமல் அளவு வாங்குகிறது. அளவு வரம்பை மீறினால் ஐந்து எழுத்துள்ள ஒரு குறியைப் பதிந்துகொண்டு விளக்கை ஏற்றுகிறது. புகையைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்காகப் பிறந்த ஏற்பாடு இது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து கார்கள் அனைத்துக்கும் ஒரே வடிவான 16 முனைச் செருகுவாய் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் வாகனப் புகைக்கான பி.எஸ். 4 விதிகளின் கீழ் 2010 ஏப்ரலில் இந்த ஏற்பாட்டின் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன. ஆங்கிலத்தில் ஓபிடி என்கிறார்கள். கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்வதால் இந்த ஏற்பாட்டுக்குத் 'தற்சோதனை' என்பதே போதும். 'உள்ளமைந்த பழுதறிதல்' என்றெல்லாம் நீட்ட வேண்டியதில்லை. நாம் காசு கொடுத்து வாங்கும் கருவி, தற்சோதனை எழுதிவைத்ததைக் கேட்டு வாங்கித் திரையில் காட்டுகிறது. அது படிப்பான், அறிவான் அல்ல.

இது வெறும் சொல்வாதம் அன்று. எங்கள் ஊரில் பென்னாகரம் சாலைப் பக்கம் குடியிருக்கும் நண்பர் ஒருவரின் பெட்ரோல் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. புளூடூத் கருவியைச் செருகிச் செல்பேசியில் பார்த்தார். 0171 என்று முடியும் குறி. எரிகலவையில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். ஒரு பட்டறையில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். சில நாளில் விளக்கு மறுபடியும் எரிந்தது. பிறகு உட்கார்ந்து ஓட்ட அளவுகளை, அதாவது இன்ஜின் ஓடும்போதே கணினி தரும் அளவுகளைப் பார்த்தோம். கலவையைச் சரிக்கட்டக் கணினி நெடுநாளாகச் சேர்த்துவரும் எரிபொருள் திருத்தம், வண்டி நின்றபடி இன்ஜின் மெல்ல ஓடும்போது 20 விழுக்காட்டை ஒட்டி நின்றது. ஆக்சிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்குக் கொண்டுபோனால் திருத்தத்தின் தேவை குறைந்து 5 பக்கம் இறங்கியது. மெல்ல ஓடும்போது மிகுந்தும் வேகத்தில் குறைந்தும் இருந்தால், எங்கோ ஓட்டை வழியாகக் கணக்கில் வராத காற்று புகுகிறது என்றே முதலில் ஐயப்பட வேண்டும். பானெட்டைத் திறந்து, இன்ஜின் மூடியிலிருந்து காற்று உள்ளே போகும் கிளைக்குழாய்க்கு வரும் ரப்பர் குழாயைத் தடவிக்கொண்டே போனோம். கிளிப்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பக்கத்தில், நக நீளத்துக்கு ஒரு வெடிப்பு. விரலால் அழுத்தியதும் உஸ்ஸென்ற ஒலி நின்றது, இன்ஜினின் நடுக்கமும் அடங்கியது. ஆக்சிஜன் சென்சார் தன் கடமையைச் சரியாகத்தான் செய்துவந்திருக்கிறது: காற்று மிகுதி என்று உண்மையைச் சொன்னது. சொன்னதற்காக அதையே கழற்றி எறிந்தார்கள்.

கருவிக்குப் 'பழுதறி' என்று பெயர் வைத்தால், அது பழுதை அறிந்து சொல்லிவிட்டது என்று எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்கு ஓடுவார்கள். ஆகவே என் முன்மொழிவு: கணினி பதியும் அந்த ஐந்தெழுத்துக்குப் 'பழுதுக்குறி', அதைக் காட்டும் கருவிக்குப் 'பழுதுக்குறி படிப்பான்'.

குறி என்ற சொல்லைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சித்த மருத்துவத்தில் குறிகுணம் என்கிறோம், நோய்க்குறி என்கிறோம். காய்ச்சல் ஒரு குறி. அதற்குக் காரணமான நோய் எது என்று பார்ப்பது அதன் பிறகு வரும் வேலை. அடையாள எண் என்ற பொருளும் நோயின் வெளித்தோற்றம் என்ற பொருளும் ஒரே சொல்லில் நிற்கின்றன. 'குறியீடு' என்றால் முதற்பொருள் மட்டுமே கிடைக்கும். 'எரர் கோடு' என்று தமிழில் எழுதுவதோ இன்னும் மோசம். படிப்பவர் வரைந்த கோட்டைத் தேடுவார்.

இன்னொரு சிக்கலையும் குழு கவனிக்க வேண்டும். இந்தக் குறிகளின் முதல் எழுத்து, பழுது எந்தப் பகுதியில் என்பதைச் சொல்கிறது. இன்ஜினும் கியரும் ஆங்கிலத்தின் பதினாறாம் எழுத்தில் தொடங்கும். கதவு, ஏர்பேக் முதலிய உடற்பகுதி இரண்டாம் எழுத்தில் தொடங்கும். தமிழில் எழுதினால் இரண்டுமே 'பி'. கட்டுரையிலோ பட்டறைச் சுவரொட்டியிலோ 'பி0171' என்று எழுதினால் எது என்று யாருக்கும் தெரியாது. எனவே தமிழில் 'இன்ஜின்-0171', 'உடல்-', 'அடிச்சட்டம்-', 'வலை-' (காரின் கணினிகளுக்கு இடையிலான தொடர்பு) என்று பகுதியின் பெயரையே முன்னொட்டாக எழுதுவோம். அடுத்து வரும் எண் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறி, 1 என்றால் தயாரிப்பாளருக்கே உரிய குறி. அதற்கடுத்த எண் 1 என்றால் காற்றும் எரிபொருளும், 3 என்றால் தீப்பொறியும் எரிதவறும். 'மிஸ்ஸிங் அடிக்கிறது' என்று மெக்கானிக்குகள் சொல்வதற்கு 'எரிதவறு' பொருந்தும் என நினைக்கிறேன். இன்ஜின்-0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதவறு, 0302 என்றால் இரண்டாவதில். இந்த வகையில் பழுதுகாட்டி விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாயின் வினையூக்கியில் போய் எரிந்து அதையே கெடுத்துவிடும்.

குறி பதிவாகும்போது கணினி எடுத்துவைக்கும் அளவுகளை ஆங்கிலத்தில் 'பிரீஸ் பிரேம்' என்கிறார்கள். அதற்கு 'உறைசட்டகம்' என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். ஆங்கிலச் சொல்லைத் துண்டு துண்டாக மாற்றியதைத் தவிர அதில் பொருள் ஏதும் கிடைக்கவில்லை. 'பழுதுநேரப் பதிவு' என்றால் விளக்கமே தேவையில்லை. குறி பதிவான அந்த நொடியில் வண்டியின் வேகம், இன்ஜின் சுற்று, சுமை, குளிர்நீர் வெப்பம் ஆகியவற்றைக் கணினி சேர்த்து எழுதிவைக்கிறது. சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறி வரும்போது எரிதவறு வந்தது என்று வைத்துக்கொள்வோம். பதிவில் வேகம் குறைவாகவும் சுமை உச்சத்திலும் இருக்கும். சமதரையில் ஒழுங்காக ஓடும் வண்டி ஏற்றத்தில் மட்டும் தடுமாறுகிறது என்றால், சுமையேறும்போது தீப்பொறி பலவீனப்படுகிறதா என்று பிளக்கையும் காயிலையும் முதலில் பார்க்கலாம். இந்தப் பதிவை எடுத்து எழுதி வைக்காமல் 'அழி' பொத்தானை அழுத்துகிறவர்கள்தான் அதிகம். அழித்தால் குறியோடு இந்தப் பதிவும் போய்விடும். தற்சோதனைகள் எதுவரை முடிந்தன என்ற கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். பழுது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஒருமுறை மட்டும் தென்பட்டு, விளக்கு ஏறுமளவு உறுதிப்படாததை 'ஐயக்குறி' என்றும், அடுத்த ஓட்டத்திலும் தென்பட்டு நிலைபெற்றதை 'உறுதிக்குறி' என்றும் சொல்லலாம். பழுது சரியானதா என்று பார்க்க ஐயக்குறிகள் பெரிதும் உதவும்.

வாங்குகிறவர்களுக்கும் இந்தச் சொற்கள் பயன்பட வேண்டும். ஓரிரு உறுதிக்குறிகளை மட்டும் காட்டிவிட்டு நிற்கும் கருவியை வாங்காதீர்கள். பழுதுநேரப் பதிவு, ஓட்ட அளவுகள், ஐயக்குறி மூன்றும் காட்டுகிறதா என்று கேளுங்கள். சில நூறு ரூபாய் புளூடூத் கருவிகளில் பெரும்பாலானவை கனடா நாட்டு நிறுவனம் ஒன்று வடிவமைத்த ஈஎல்எம்327 சில்லின் நகல்கள். சில நன்றாக வேலை செய்யும். சில பாதி கேள்விகளுக்கு விடை வாங்கித் தராது. திருப்பித் தர இடமுள்ள கடையில் வாங்குவதே நல்லது. ஐபோன் வைத்திருப்பவர்கள் தங்கள் செல்பேசிக்கு ஒத்துவருமா என்று முன்பே பார்த்துக்கொள்ளவும். இவ்வகைக் கருவிகள் பொதுவாக இன்ஜின் குறிகளோடு நின்றுவிடும். பிரேக், ஏர்பேக் குறிகள் வேண்டுமென்றால் விலை கூடிய கருவிதான். செருகுவாயின் 16ஆம் முனையில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரியின் மின்சாரம் இருக்கும். காரை நாள்கணக்கில் நிறுத்திவைப்பவர்கள் கருவியைக் கழற்றி வைக்க வேண்டும். ஓட்ட அளவுகளைப் பார்க்கப் பக்கத்தில் இன்னொருவர் உட்காரட்டும். ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கட்டும்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து

—

ஓசூரிலிருந்து மறுமொழி:

ஐயா, வணக்கம். வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் பழுதுக்குறியை முழுமனத்தோடு வழிமொழிகிறேன். சிப்காட்டில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் ஒரே வரிசையில் நிற்கிறோம். சொல் குறுகியதாக இருந்தால்தான் நிலைக்கும். அதில்தான் எனக்குக் கவலை. 'பழுதுக்குறி படிப்பான்' நாளடைவில் 'குறி படிப்பான்' என்று சுருங்கும். அது கோயில் வாசலில் குறி சொல்பவரை நினைவூட்டாதா? இரண்டாவது, பழுது என்பது உயிர்த்தொடர்க் குற்றியலுகரம். வேற்றுமையில் அதன்பின் வலி மிகாது என்பது நன்னூல் விதி. 'பழுதுகுறி' அல்லவா சரி?

மூன்றாவதாக ஒரு கேள்வி. பட்டறைகளில் இருக்கும் பெரிய கருவிகள் படிப்பதோடு நிற்பதில்லை. குளிர்விசிறியைச் சுழலவிடு, எரிபொருள் பம்பை ஓடவிடு என்று கட்டளையும் கொடுத்துப் பார்க்கின்றன. அவற்றையும் படிப்பான் என்பது முறையாகாது. 'ஏவிச் சோதிப்பான்' என்று வைத்தால் என்ன?

—

தருமபுரியிலிருந்து:

ஓசூர் அன்பருக்கு நன்றி. மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன். 'ஏவிச் சோதிப்பான்' அப்படியே ஏற்கத் தக்கது. ஏவல் என்றாலே கட்டளைதான். விசிறியை ஏவியதும் அது சுழன்றால் மோட்டாரும் ரிலேயும் நலம். பழுது வெப்ப சென்சார் பக்கம் இருக்கலாம். சுழலாவிட்டால் கம்பியையும் மோட்டாரையும் பார்க்க வேண்டும். படிப்பானால் இந்தப் பிரிவினையைச் செய்யவே முடியாது. ஆகவே வாங்குகிறவருக்கும் இந்தப் பெயர் வேறுபாடு தேவை.

புணர்ச்சியில் விதி நீங்கள் சொன்னபடிதான். ஆனால் அரசுக் கல்லூரி என்று வலி மிகுந்து எழுதுவது இன்று எங்கும் வேரூன்றிவிட்டது. நோய்க்குறியோடு சேர்த்துப் படிக்கையில் க் இருந்தால் ஓசையும் இணைகிறது. பழுதுக்குறியே இருக்கட்டும். பழுதுகுறி என்று எழுதுகிறவர்களையும் திருத்த மாட்டேன்.

சுருக்கம் பற்றிய கவலை நியாயமானது. சுருக்க வேண்டிய இடத்தில் 'குறி'யை வைத்துக்கொள்ளாமல் 'படிப்பான்' என்று மட்டும் சொல்லலாம். 'படிப்பானை எடு, செருகிப் பார்ப்போம்' என்றால் பட்டறையில் வேறு எதையும் யாரும் நினைக்கப்போவதில்லை.

தற்சோதனைகளில் எவை முடிந்தன, எவை முடியவில்லை என்று காட்டும் பக்கத்துக்கு மட்டும் என்னிடம் நல்ல சொல் இல்லை. 'ஆயத்தநிலை' என்று ஒருவர் எழுதினார். எதற்கு ஆயத்தம் என்பது அதில் விளங்கவில்லை. 'சோதனை நிறைவு நிலை' என்பது சரியான பொருள் தருகிறது, ஆனால் சிறு திரையில் அடங்காது. சேலத்து அம்மையாரும் மற்றவர்களும் இதற்கு ஒரு சொல் தந்தால், பட்டியலைச் சேர்த்து மறுபடியும் குழுவுக்கு அனுப்புகிறேன்.