ஜிப்ரால்டரில் வீடு பார்ப்பவர்களுக்கு: பாறையின் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்

ஸ்பெயினின் தென்கோடியை ஒட்டிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியான ஜிப்ரால்டருக்கு வேலை நிமித்தம் வரும் நம்மவர்கள் முதலில் விசாரிப்பது வாடகையைத்தான். பாறையின் எந்தப் பக்கத்தில் வீடு இருக்கிறது என்பதையும் அதே அக்கறையோடு விசாரியுங்கள்; இங்கே அன்றாட வானிலையைத் தீர்மானிப்பது அதுவே.

சுமார் 6.8 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள இவ்வூரில், 426 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறை வடக்குத் தெற்காக நீண்டு நிற்கிறது. கிழக்கு முகம் செங்குத்தானது. மேற்குச் சரிவு அவ்வளவு செங்குத்தாக இல்லாததால் பழைய நகரம் அங்கே அமைந்தது. அதை ஒட்டிக் கடலைத் தூர்த்த நிலத்தில் புதிய அடுக்குமாடிகள் எழுந்துள்ளன.

லெவான்டர் என்னும் கிழக்குக் காற்று, மத்தியதரைக் கடலின் ஈரத்தைச் சுமந்துவந்து பாறையில் மோதி, மேலேறும்போது குளிர்ந்து, உச்சியில் மேகமாகத் திரண்டு நகரத்தின் மேல் கவிந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்பெயின் ஊரான லா லீனியாவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே இங்கு மந்தாரமாக இருக்கும். ஜூலை முதல் அக்டோபர் வரை இது அதிகம். அந்த நாட்களில் துவைத்த துணி காயாது, உப்பு கசியும், அப்பளம் நமத்துப்போகும். ஆகவே வீடு பார்க்கும்போது அலமாரியை நகர்த்தச் சொல்லி, பின்சுவரில் பூசணம் படிந்திருக்கிறதா என்று கூச்சப்படாமல் பாருங்கள். பொனியெண்டே என்னும் மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் வானம் தெளிந்துவிடும்.

கிழக்கே கேட்டலன் பே பகுதியில் காலை வெயில் தாராளம். பிற்பகலிலோ பாறையின் நிழல் விழுந்துவிடும். கோடையில் பகல் வெப்பம் 28 டிகிரியை ஒட்டியும், குளிர்காலத்தில் 16 டிகிரியை ஒட்டியும் இருக்கும். மழை பெரும்பாலும் அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான்.

இங்கே ஆறு கிடையாது. முன்பு கிழக்கு மணற்சரிவில் தகடுகள் பதித்து மழைநீரைப் பிடித்து, பாறைக்குள் குடைந்த தொட்டிகளில் சேமித்தார்கள். இன்று குடிநீர் கடல்நீரைச் சுத்திகரித்துப் பெறப்படுகிறது. கழிப்பறைகளுக்குத் தனிக் குழாயில் உப்புநீர் வரும். எனவே நல்ல தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்றும் உண்டு: பாறையைச் சுற்றிச் சுழலும் காற்றால் விமானங்கள் சில வேளைகளில் ஸ்பெயினிலுள்ள மாலகாவுக்குத் திருப்பிவிடப்படும். ஸ்பெயினுக்குள் நுழைய உங்கள் ஆவணங்கள் செல்லுமா என்பதைப் பயணச்சீட்டு வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.