மலாவியில் மூன்றாவது மாதம்: ஒரு நாள் சிரிப்பு, ஒரு நாள் அழுகை

கேள்வி:
சோம்பாவில் கணக்கு சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலராக வந்திருக்கிறேன். செவ்வாயன்று பிள்ளைகளுக்குப் பின்னம் பிடிபட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புதனன்று பாதி வகுப்பு காலி. சனவரி இங்கே பசி மாதம்; ஏப்ரல் வாக்கில்தான் மக்காச்சோள அறுவடை. அன்றிரவு என்சிமா (நம்ம ஊர்க் களி மாதிரிதான்) தொண்டையில் இறங்கவில்லை. அம்மாவிடம் பேசலாமென்றால் இங்கே எட்டு மணி, மதுரையில் பதினொன்றரை. உங்களுக்கும் இப்படி இருந்ததா?

பதில் 1:
இருந்தது தம்பி. 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாளத்தில் நான்கு மாதம் இருந்தேன். கூரைத்தகடு வந்த நாளில் ராஜா, மழையில் லாரி நின்றால் குற்றவாளி. இரண்டுமே என் கையில் இல்லை என்று உறைக்க நாளாயிற்று. அப்புறம் தினமும் ஒரு வேலையை மட்டும் நோட்டில் எழுதினேன், அதுவும் நானே முடிக்கக்கூடியதை. அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், ஆனால் ராத்திரியில் ஊருக்குத் திரும்பும் முடிவு எடுக்காதீர்கள்.

பதில் 2:
1955இலேயே நார்வே சமூகவியலாளர் லிஸ்கார்ட், அமெரிக்கா போய்வந்த 200 நார்வேக்காரர்களிடம் பேசி, மனநிலை முதலில் மேலே, பிறகு பள்ளம், மறுபடி ஏற்றம் என்று எழுதினார். எனக்கென்னவோ ஒரே வாரத்தில் மூன்று பள்ளம் வந்தது! பக்கத்து வீட்டாரோடு பழகுங்கள். எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினால் அவருக்கும் தூக்கம் போகும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, நன்றி அக்கா. இன்று பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 'மூலி ப்வான்ஜி' (அவங்க மொழியில் 'எப்படி இருக்கீங்க') சொன்னேன். என் உச்சரிப்புக்குச் சிரித்துவிட்டு, உலக்கையைக் கையில் கொடுத்துவிட்டார். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.